ஒன்பது முறை கேட்ட தாய்

எழுத்தில் அடங்காதவனே, எல்லா மொழிக்கும் செவியானவனே, எங்கள் நாவில் வழுவாமல் நின்றருள்க. அழைத்தவர் குரல் தளருமுன் வந்து நிற்கும் நின் திருவடியை முன்னிட்டே இக்கதை தொடங்குகிறது. இதில் குறை காணில் அது சொன்னவனுடையது. நிறை காணில் அது நின்னுடையது.

பொருநையாற்றின் தென்கரையில் ஓர் ஊர். அவ்வூரில் ஒரு வாசிப்புச் சபை இருந்தது. நானூறு ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாட்டுகளையும், பாட்டாகவே எழுதப்பட்ட நாடகங்களையும், இன்றைய மனிதர் பேசும் தமிழில் சொல்லிப் பார்த்துப் புரிந்துகொள்வது அதன் வேலை. ஓய்வு பெற்ற தபால்காரர், ஜவுளிக்கடைக்காரர், ஆஸ்பத்திரி நர்ஸ், கல்லூரி ஆசிரியர்கள் என்று இருபது பேர் ஞாயிறுதோறும் காலையில் கூடுவார்கள்.

சபைக்குத் தலைவி தங்கபுஷ்பம் அம்மையார். ஐம்பது வயது. கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். ‘பரீட்சைக்கு வேண்டிய குறிப்பை மட்டும் கொடுத்தால் போதும்’ என்று மேலிடத்தில் சொன்ன அன்றே வேலையை விட்டு வீட்டுக்கு வந்தவர்.

அவருடைய மாணாக்கருள் மூத்தவர் புலவர் புன்னைவனம். அறுபத்தெட்டு வயது. கோயில் மண்டபங்களில் நாற்பது ஆண்டுகள் பக்திப் பாடல்களுக்கு விரிவுரை செய்தவர். ஐம்பத்திரண்டாம் வயதில், யாரோ வாசித்துப் பொருள் சொல்ல ஓர் ஆங்கிலப் பாட்டைக் கேட்டார். பதினான்கு அடிப் பாட்டு. பன்னிரண்டு அடிவரை ஒருவன் தன் காதலை வழக்குப்போல் வாதாடுகிறான். கடைசி இரண்டு அடியில் தானே தன் வாதத்தைக் கவிழ்த்துவிடுகிறான். புலவருக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. மறுநாளே தம்மிலும் பதினெட்டு வயது இளையவரான அம்மையாரிடம் சென்று, “எனக்கு இதைக் கற்றுத் தாருங்கள், அம்மா” என்று கைகூப்பி நின்றார். அன்றுமுதல் அவர் ‘அம்மா’ என்பார். இவர் ‘புலவரே’ என்பார். அம்மையார் அமராமல் புலவர் அமர்ந்ததில்லை.

நான்கு ஆண்டுகளில், அத்தகைய பதினான்கு அடிப் பாட்டுகள் நாற்பதைப் புலவர் இன்றைய தமிழில் கொண்டுவந்தார். சபை கொண்டாடியது. “கடைத்தெருவில் ரெண்டு பேர் நின்னு பேசுத மாதிரி இருக்குவே” என்றார் ஜவுளிக்கடைக்காரர். அந்தப் பாராட்டு புலவரின் நெஞ்சில் தங்கிவிட்டது. பிறகு ஒரு நாடகத்தைக் கையில் எடுத்தார். எழுதியவன் பெயர் எவருக்கும் தெரியாத பழைய நாடகம். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

சபையில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டும். யாரும் தடை சொல்லலாம். எழுதியவர் விடை சொல்ல வேண்டும். விடை போதும் என்று தலைவி கொண்டால் நூல் சபையேறும். நாடகமானால் தைப்பூசத்தன்று மேடையேறும். போதாது என்றால், தடை சொன்னவரே தடையைத் திரும்ப வாங்கிக்கொண்டாலன்றி, மூன்று ஆண்டுகளுக்கு அந்நூல் சபைக்குள் திரும்ப வரக்கூடாது.

மூன்று ஆண்டு என்பது இளையவர்களுக்கு ஒரு கணக்கு. அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு வேறு கணக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை புலவர் நீறு பூசி, சலவை வேட்டி கட்டி வந்து நின்றபோது, அதை அவரும் அறிவார், சபையும் அறியும்.

நான்கு அங்கம் தடையின்றிப் போயிற்று. ஐந்தாம் அங்கத்தில் ஒரு தாய் வருகிறாள். அவள் மகனைத் தூக்கிலிட மன்னன் ஆணையிட்டிருக்கிறான். விடியும் வேளை. சிறைக்கதவுக்கு வெளியே அவள், உள்ளே காவலன். கதவு கடைசிவரை திறப்பதில்லை. தூக்கு முடிந்ததென்று உள்ளே பறை ஒலிக்கிறது. அதோடு காட்சி முடிகிறது.

புலவர் தம் தமிழை வாசித்தார்:

“காவலரே, கதவைத் திறங்கள். விடிவதற்குள் என் மகனை ஒருமுறை பார்க்க விரும்புகிறேன். மன்னர் தவறாகத் தீர்ப்பளித்துவிட்டார். என் மகன் குற்றமற்றவன் என்பதை நான் நன்கறிவேன்.”

“ஒரு தடை, அய்யா” என்றது ஒரு குரல்.

ஆவுடையம்மாள். முப்பது ஆண்டுகள் திருவிழா நாடகங்களில் ராணி வேடம் கட்டியவள். அந்தத் தாயாக நடிக்கச் சபை அவளைத்தான் அழைத்திருந்தது.

“சொல்லும்மா” என்றார் புலவர்.

“இத என்னால பேச முடியாதுய்யா.”

“ஏன்? புரியவில்லையா?”

“நல்லாப் புரியுது. அதான் கஷ்டம். தாலுகா ஆபீசு வாசல்ல உக்காந்து மனு எழுதுவாருல்லா ஒருத்தரு, அவரு எழுதிக் குடுத்த மாதிரி இருக்கு. கீழ கைநாட்டு மட்டுந்தான் வைக்கல.”

சபை சிரித்தது. தபால்காரர் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை.

புலவரின் காதுமடல் சிவந்தது. “இன்றைய மொழியில் எழுது என்பதுதானே எனக்கு இட்ட பணி? இன்றைய மொழி இதுதான்.”

“இன்னைக்கிப் பிள்ளயப் பறிகுடுக்கவ இப்பிடியாய்யா பேசுதா?”

நர்ஸ் தலை குனிந்துகொண்டாள்.

தங்கபுஷ்பம் அம்மையார் முதன்முறையாக வாய் திறந்தார். “புலவரே, மூலத்தில் அந்தத் தாய் எத்தனை அடி பேசுகிறாள்?”

“முப்பத்தோரடி, அம்மா.”

“உமது தமிழில்?”

“நான்கு வரி.”

“கதவைத் திற என்று மூலத்தில் எத்தனை முறை சொல்கிறாள்?”

“ஒன்பது.”

“உமது தமிழில்?”

“ஒன்று.” புலவர் நிமிர்ந்தார். இந்த வினாவுக்கு அவரிடம் விடை இருந்தது; நாற்பது ஆண்டு விடை. “கூறியது கூறல் நூலுக்குக் குற்றம் என்று படித்தவன் நான், அம்மா. சினத்திலும் அவலத்திலும் ஒரு சொல்லை அடுக்கலாம் என்பதும் தெரியும். இரண்டு முறை பொறுக்கலாம். மூன்று முறையும் பொறுக்கலாம். ஒன்பது முறையா? இன்றைய மக்களுக்குப் பொறுமை இல்லை. பொருள் ஒன்றுதானே? எட்டை நீக்கினேன். பொருளில் எள்ளளவும் குறையவில்லை.”

“அப்பம் கோயில்ல ஒரே பாட்டுல சாமி பேர நூறு தடவ சொல்லிப் பாடுதீயளே” என்றாள் ஆவுடையம்மாள். “அதையும் ஒரு தடவயாச் சுருக்கிட்டு வெள்ளன வீட்டுக்குப் போலாம்லா?”

இம்முறை சபை சிரிக்கவில்லை. அது புலவருக்கு இன்னும் கொடுமையாக இருந்தது.

“அது தோத்திரம். இது நாடகம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதே” என்றார். ஊர் ஊராய் வேடம் கட்டித் திரிந்தவள் எனக்குப் பாடம் சொல்வதா என்று நெஞ்சு கேட்டது. கேட்ட நெஞ்சை அவர் அடக்கவும் இல்லை. “அம்மா, தீர்ப்புச் சொல்லுங்கள்” என்று தலைவியின் பக்கம் திரும்பினார்.

அம்மையாரின் சினம் சபைக்குப் பழகியது. சினம் வந்தால் அவர் குரல் உயராது, தாழும். இப்போது கடைசி வரிசைக்குக் கேட்காத அளவுக்குத் தாழ்ந்தது.

“விடை போதாது, புலவரே.”

“போதாதா?”

“போதாது.”

புலவர் கையிலிருந்த தாள்கள் தரையில் விழுந்தன. கோயில் மண்டபத்தில் கடைசித் தூண்வரை கேட்கும் குரல் புலவருடையது. ஆனால் அக்குரலில் அவர் இதுவரை சொந்தமாகக் கத்தியதில்லை. நாற்பது ஆண்டுகளாகக் கட்டிக் காத்த செந்தமிழ் அந்தக் கணத்தில் அவரைவிட்டுப் போயிற்று. பிறந்த தெருவின் பேச்சு வாயில் வந்து நின்றது.

“போதாதுன்னா என்ன அர்த்தம்? பன்னிரண்டு வருசம், அம்மா! பன்னிரண்டு வருசம்! கண்ணு ஆபரேசன் ஆகி மூணு நாளு, கட்டுப் பிரிக்கல, ஒத்தக் கண்ணால எழுதினேன். எம் பொண்டாட்டி போனாளே, அந்தப் பதினாறாம் நாளு, வெளிய பந்தி நடக்கு, நான் உள்ள கதவச் சாத்திக்கிட்டு இத எழுதிக்கிட்டு இருக்கேன். ஊரே காறித் துப்புச்சு. பன்னிரண்டு வருசம்!”

அம்மையார் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.

“ஒரு சொல்லுக்கு ஒரு வாரம் உக்காந்திருக்கேன். ஒரு சொல்லுக்கு! பன்னிரண்டு வருசம்! இவளுக்குப் பேச வரலயாம். பேச வரலன்னா வேற ஆளப் பாரும். மனுவாம்லா மனு! இருவது பேரு முன்னால என்னய எழுப்பி நிறுத்திச் சிரிக்கதுக்குத்தான் கூப்பிட்டீயளா?”

அம்மையார் எழுதிக்கொண்டிருந்தார்.

“எழுதாதீங்க! நான் பேசுதேன், நீங்க எழுதுதீங்க! என் மூஞ்சியப் பாருங்க, அம்மா. பன்னிரண்டு வருசம் இத வச்சுக்கிட்டு உங்க முன்னால கைகட்டி நின்னவன் கத்துதேன், என் மூஞ்சியப் பாருங்க!”

அவர் பார்க்கவில்லை. பேனா நகர்ந்தது.

“எனக்கு அறுபத்தெட்டு. மூணு வருசம் கழிச்சு எவன் வந்து வாசிப்பான்? என் பிணமா வந்து வாசிக்கும்? பன்னிரண்டு வருசம் பத்தாதுன்னு இன்னும் மூணா? கேளுங்க, அம்மா. பன்னிரண்டு வருசம். பன்னிரண்டு வருசம்...”

குரல் உடைந்தது. நர்ஸ் ஒரு தம்ளர் தண்ணீரோடு எழுந்து வந்தாள். புலவர் அதை வாங்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்க, விழுந்த தாள்களை மிதித்தபடி நின்றார்.

அம்மையார் பேனாவை மூடினார்.

“புலவர் இப்போது சொன்னதைக் குறித்திருக்கிறேன். சபை கேட்கட்டும்” என்று சொல்லி, எழுந்து நின்று வாசித்தார்:

“‘இந்நூலுக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தேன். என் வயதைக் கருதி, மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’”

ஒருகணம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு புலவரின் முகம் கறுத்தது.

“இதுவா? இதுவா நான் சொன்னேன்?”

“பொருளில் எது விட்டுப்போயிற்று?”

“அம்மா...”

“உழைத்தது இருக்கிறது. வயது இருக்கிறது. வேண்டுகோள் இருக்கிறது. கண், மனைவி, பந்தி எல்லாம் விவரம். உழைப்பு என்ற சொல்லில் அவை அடங்கிவிட்டன. எள்ளளவு குறைந்ததா?”

“கேலி பண்ணுதீயளா?”

“இல்லை. இன்றைய மக்களுக்குப் பொறுமை இல்லை. பன்னிரண்டு வருசம் என்று எட்டு முறை சொன்னீர். கூறியது கூறல். ஒன்றை வைத்துக்கொண்டு ஏழை அடித்துவிட்டேன்.”

அந்தத் தாளை அவர் நீட்டினார். அடித்த கோடுகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் நேர்கோடு, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் இருந்தது.

புலவர் அதைப் பிடுங்கினார். கண் ஒருமுறை மேலிருந்து கீழே ஓடியது. அந்தக் கோடுகளுக்குக் கீழே அவர் மனைவியின் பதினாறாம் நாள் கிடந்தது. வலக்கண்ணின் கட்டுக் கிடந்தது. எழுந்த சினம் முன்னதைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் அதற்கு இப்போது சொல் குறைவாகத்தான் கிடைத்தது.

“அந்த ஏழும் வேணும்!” என்று கத்தினார். “அந்த ஏழும் என்னுது! அத அடிக்க நீங்க யாரு?”

தங்கபுஷ்பம் அம்மையார் அவரை நேராகப் பார்த்தார். இப்போதுதான் பார்த்தார். அந்தக் கண்களில் இருந்த சினத்தைக் கண்டு முன்வரிசையில் இருந்தவர்கள் பின்னால் சாய்ந்தார்கள்.

“நீர் ஏழு கேட்கிறீர்” என்றார். “அவளுடையவை எட்டு. எங்கே போட்டீர்?”

புலவர் தரையில் குந்தி, மிதிபட்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். ஜவுளிக்கடைக்காரர் உதவிக்கு எழுந்தார். அம்மையார் கையசைத்து அவரை அமர்த்தினார். பொறுக்குவதற்கு நேரம் ஆயிற்று. அறுபத்தெட்டு வயது முழங்கால்.

எழுந்தபோது, ஐந்தாம் அங்கத்தின் அந்தப் பக்கம் மேலே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்கு வரி. கீழே நிறைய வெள்ளையிடம்.

“தீர்ப்பு இன்னும் முடியவில்லை” என்றார் அம்மையார். “விடை போதாது என்றேன். நூல் ஏறாது என்று சொல்லவில்லை. மற்ற நான்கு அங்கமும் நன்றாக இருக்கின்றன. தைப்பூசத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது. தடையை வாங்கிக்கொள்ள ஆவுடையம்மாள் சம்மதித்தால், இப்படியே மேடையேற்றலாம். சபை வழக்கம் அதற்கு இடம் தருகிறது.”

எல்லோரும் ஆவுடையம்மாளைப் பார்த்தார்கள். அவள் புலவரைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“நான் வாங்கிக்கிடுதேன்யா” என்றாள். “மனுசன் இம்புட்டுத் தூரம் பாடுபட்டிருக்காவ. எப்படியாவது பேசிருதேன். கத்த வேண்டிய இடத்துல கண்ணால கத்திக்கிடுதேன்.”

பன்னிரண்டு ஆண்டு புலவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தலையசைத்தால் போதும். தைப்பூசத்தன்று விளக்கெரியும். ஊரே உட்கார்ந்திருக்கும். பேர் சொல்லி அழைப்பார்கள், மாலை விழும். அவர் அதையெல்லாம் கண்டார். கண்டதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. முகத்தில் எல்லாம் ஓடியது.

“வாங்காதே” என்றார்.

“அய்யா?”

“தடையை வாங்காதே, தாயி.” ஆவுடையம்மாளை அவர் அப்படி அழைத்தது அதுவே முதல்முறை. “நூல் ஏறாது. நானே சொல்கிறேன். சபைக்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.”

“மூன்று ஆண்டு” என்றார் தபால்காரர், மெல்ல.

“தெரியும்!” என்று சீறினார் புலவர். சினம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் அது யார்மேல் என்பது மாறியிருந்தது. “எனக்குக் கணக்குத் தெரியும். எழுதுங்கள்.”

தபால்காரர் எழுதினார்.

ஆவுடையம்மாள் மூக்கை உறிஞ்சினாள். “மூணு வருசங் கழிச்சும் நானே பேசுதேன்யா. பல்லு இருக்குமான்னுதான் சொல்ல முடியாது.”

“பல் இல்லாவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும்” என்றார் புலவர். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அவள் சிரித்தாள்.

சபை கலையத் தொடங்கியது. நாற்காலிகளை மடக்கும் ஒலி எழுந்தது. புலவர் மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அந்தப் பக்கத்தின் வெள்ளையிடத்தில் ஏதோ கிறுக்கிப் பார்த்தார். அடித்தார். மறுபடி கிறுக்கினார். பிறகு அதே பழைய வணக்கத்தோடு, ஆனால் அடித்தொண்டையில் இன்னும் கரகரப்பு மாறாமல், அம்மையார் முன் வந்து நின்றார்.

“அம்மா. ஆங்கிலத்தில் அவள் ஒன்பது முறை சொல்கிறாள். அது அந்த மொழியின் ஓசைக்குச் சரி. அந்த நாட்டு மேடைக்குச் சரி. இங்கே, இந்த ஊரில், இன்று, நம் பெண்ணொருத்தி அந்தக் கதவின்முன் நின்றால், எத்தனை முறை சொல்ல வேண்டும்?”

அம்மையார் நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தார்.

“கதவு திறக்கும்வரை” என்றார்.

புலவர் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கதவு கடைசிவரை திறக்காத அந்தப் பக்கத்தின் வெள்ளையிடத்தில் மறுபடி எழுதத் தொடங்கினார்.

இதைச் செவியேற்றவர் எவராயினும், அவர் மனையில் விளக்குக் குன்றாதிருக்க. அவர் பெற்ற மக்கள் பொழுது சாயுமுன் வீடு திரும்ப. அவர் விடுத்த குரல், சேர வேண்டிய செவியைச் சேர. எல்லாம்வல்லான் அருள்க, அருள்க, அருள்க.